கம்பளியும் கள்ளச்சாராயமும்

பகலில் பின்னல், மாலையில் விஸ்கி. ஸ்காட்லாந்தின் கடற்கரைகளிலும் தீவுகளிலும் இப்போது பிரபலமாகியிருக்கும் ஒருவகைக் குழுச் சுற்றுலாவை இந்த நாலு வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். காலையில் ஒரு கம்பளி நூற்பாலை, மதியம் உள்ளூர்ப் பாட்டி ஒருவரிடம் பின்னல் வகுப்பு, சாயங்காலம் ஒரு விஸ்கி ஆலையில் மூன்று சின்னக் கிளாஸ்கள், நடுநடுவே பாறை, கடல், மழை, ஆடு. ப்ராஜெக்டுக்காக எடின்பரோவில் இருந்தபோது, பின்னல் பைத்தியமான என் மனைவியோடு அப்படி ஒன்றில் போனேன். மொத்தம் 14 பேர். பின்னத் தெரியாதவன் நான் ஒருத்தன்தான். பஸ்ஸில் எல்லாருடைய கைகளும் ஓடிக்கொண்டிருக்கும். நான் ஃபோனில் பழைய அரசாங்க அறிக்கை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அறிக்கையைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் சுற்றுலாக் கையேட்டில் இருந்த ஒரு வாசகத்தையும் சொல்லியாக வேண்டும். பின்னலும் விஸ்கியும் தீவுகளின் 'அவசரமில்லாத வாழ்விலிருந்து' பிறந்த கலைகளாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. வரலாறு இதற்கு நேர் எதிர். இரண்டுமே வாடகையிலிருந்தும் கடனிலிருந்தும் பிறந்தவை. அவசரமில்லாதவர்கள் என்று அங்கே யாராவது இருந்திருந்தால், அது நிலச்சுவான்தார்கள் மட்டும்தான்.

முதலில் ஷெட்லாந்து. அபர்தீனிலிருந்து இரவு முழுக்கக் கப்பலில் போனால் காலையில் லெர்விக் வரும். எடின்பரோவைவிட நார்வேயின் பெர்கன் நகரம்தான் அதற்குப் பக்கம். ஸ்காட்லாந்தோடு இந்தத் தீவுக்கூட்டம் சேர்ந்த கதை நமக்கு நன்றாகப் புரியும்: 1469-இல் டென்மார்க்-நார்வே அரசன் தன் மகளுக்கு வரதட்சணைப் பணம் கொடுக்க முடியாமல், மாப்பிள்ளையான ஸ்காட்லாந்து அரசனிடம் ஷெட்லாந்தை அடகு வைத்தான். முந்தைய ஆண்டே ஆர்க்னி தீவுகளை அடகு வைத்தாயிற்று. இரண்டும் மீட்கப்படவே இல்லை.

மரம் வளராத, காற்று ஓயாத ஊர். ஆடுகள் மட்டும் அபாரம். சிறியவை, கோடையில் அவற்றின் ரோமம் தானாகவே தளர்ந்து வரும். கத்தரிக்காமல் கையாலேயே பிடுங்கி எடுப்பார்கள். கழுத்துப் பகுதி ரோமம் அவ்வளவு மென்மை. 17-ஆம் நூற்றாண்டில் கோடைதோறும் டச்சு மீன்பிடிக் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் பிரெஸ்ஸே கால்வாயில் வந்து நிற்கும். மாலுமிகளுக்குக் கம்பளிக் காலுறை தேவை. ஷெட்லாந்துப் பெண்கள் குளிர்காலம் முழுக்கப் பின்னி வைத்ததைக் கரையில் கொண்டுபோய் விற்றார்கள். பதிலுக்குக் காசு, புகையிலை, ஜின். அந்தக் கரையோரக் குடிசைச் சந்தைதான் பிறகு லெர்விக் என்ற ஊரானது. 1625-இல் ஸ்காலோவே நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: குடியும் கும்மாளமும் பெருகிவிட்டதால், காலுறை விற்கப் பெண்கள் யாரும் அந்தக் கரைக்குப் போகக் கூடாது, கணவனையோ மகனையோ அனுப்ப வேண்டும். பின்னியவளின் கைக்கு நேராகக் காசு வருவதை நிறுத்த நடந்த முயற்சிகளில் எனக்குத் தெரிந்து இதுதான் முதலாவது. கடைசியானது அல்ல.

ஆண்கள் என்ன செய்தார்கள்? மீன் பிடித்தார்கள், ஆனால் தங்களுக்காக அல்ல. நிலம் வேண்டுமென்றால் நிலச்சுவான்தாருக்கோ அவருடைய வணிகருக்கோதான் மீன் கொடுக்க வேண்டும். வேறு யாருக்காவது விற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். ஆறு துடுப்புகள் கொண்ட திறந்த படகில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரம்வரை போனார்கள். 1881 ஜூலையில் ஒரே புயலில் 10 படகுகளும் 58 ஆண்களும் திரும்பவில்லை. யெல் தீவின் க்ளூப் கிராமத்தில் இப்போது ஒரு நினைவுச்சிலை இருக்கிறது. கைக்குழந்தையோடு கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பெண்.

ஆகவே வீடு, வயல், மாடு, அடுப்பு எரிக்க பீட் வெட்டிச் சுமப்பது எல்லாமே பெண்கள் பொறுப்பு. பீட் என்பது சதுப்பில் மக்கி இறுகிய மண். வெட்டிக் காயவைத்தால் விறகு. கூடையில் அதை முதுகில் சுமந்து மைல்கணக்கில் நடக்கும்போதும் கை சும்மா இருக்காது. இடுப்பில் 'மக்கின் பெல்ட்' என்று ஒரு தோல் பட்டை: குதிரைமுடி அடைத்த, துளைகள் போட்ட சின்னத் திண்டு ஒன்று அதில் இருக்கும். பின்னலூசியின் ஒரு முனையைத் துளையில் செருகிவிட்டால் ஊசியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. கை நூலை மட்டும் பார்த்துக்கொள்ளும். 'மக்கின்' என்றால் அவர்கள் பேச்சில் பின்னல். எங்கள் குழுவுக்கு வகுப்பெடுத்த பெண்மணி இதைக் கட்டிக்கொண்டு பின்னிக் காட்டியபோது, தையல் மெஷின் போலிருந்தது வேகம். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பட்டையின் பழைய புகைப்படங்கள் கடைகளில் அஞ்சலட்டைகளாகக் கிடைக்கின்றன: முதுகில் பீட் கூடை, கையில் பின்னல், கேமராவைப் பார்க்காத முகம். 'பாரம்பரியம்' என்று கீழே அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு மனுஷி ஒரே நேரத்தில் இரண்டு ஷிஃப்ட் பார்ப்பதன் படம் அது என்று எனக்குத் தோன்றியது.

இப்போது அந்த அறிக்கை. 1872 ஜனவரியில் வில்லியம் கத்ரி என்ற வழக்கறிஞர் அரசாங்க ஆணையராக லெர்விக் வந்தார். 'ட்ரக்' முறை பற்றி, அதாவது கூலியைப் பணமாகக் கொடுக்காமல் பொருளாகக் கொடுப்பது பற்றி விசாரிக்க. மீனவர்கள், வணிகர்கள், பாதிரிகள், பின்னும் பெண்கள் என்று வரிசையாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். கேள்வியும் பதிலும் எண்ணிட்டு அப்படியே அச்சாகியிருக்கிறது. கூட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும், படித்துப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் ஏழைப் பெண்கள் சொன்னது இவ்வளவு நேரடியாக நமக்குக் கிடைப்பது அபூர்வம். யார், எந்தக் கடைக்குப் பின்னுகிறாய், யாருடைய நூல், என்ன கிடைத்தது, பணம் கேட்டாயா, ஏன் கேட்கவில்லை. லாக் ஃபைல் படிப்பது மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரே பதில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பீர்கள். கேட்கவில்லை; ஏன்னா, கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள்.

முறை இதுதான். பெண் சால்வையைக் கடைக்குக் கொண்டுபோவாள். கடைக்காரர் ஒரு விலை சொல்வார். அந்த விலைக்குத் துணி, தேயிலை, செருப்பு எடுத்துக்கொள்ளலாம். பணம் கிடையாது, கிடைத்தாலும் விலை குறையும். அன்றைக்கு எதுவும் வேண்டாம் என்றால் கணக்கில் பற்று வைப்பார்கள், அல்லது ஒரு துண்டுச் சீட்டு. அதை அதே கடையில்தான் மாற்ற முடியும். துணிக்கடையில் மாவு கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. வீட்டிலோ சாப்பாடு இல்லை. அதனால் பெண்கள் தேயிலையை வாங்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், தேயிலைக்கு மாவு மாற்றினார்கள். பட்டினி கிடக்கும் பெண் கையில் சிறு சிறு தேயிலைப் பொட்டலங்கள். தீவின் நாணயம் தேயிலை என்றே சொல்லிவிடலாம்.

இதில் கொடூரமான ஒரு சின்ன விதி உண்டு. மெல்லிய பின்னலுக்கான நூல் 'பணப் பொருள்'. அதாவது சால்வையைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக நூல் கேட்டால் கிடையாது. நூலுக்குக் காசு வேண்டும். சால்வைக்குக் காசு தர மாட்டார்கள். சொந்த நூலில் பின்னிச் சுதந்திரமாக விற்க நினைப்பவளின் வழியை இந்த ஒரே ஒரு 'இஃப்' கண்டிஷன் அடைத்துவிடுகிறது. முடிவில் அவள் கடைக்காரரின் நூலை வாங்கி, கடைக்காரருக்கே கூலிக்குப் பின்னுவாள். அந்தக் கூலியும் துணிதான். சாட்சி சொன்ன சிலர் இன்னொன்றும் சொல்கிறார்கள்: இந்தப் பெண்கள் வயிறு காய்ந்து கிடந்தாலும் உடுத்துவது மட்டும் தகுதிக்கு மீறி இருக்கிறது என்று. துணியாகவே கூலி கொடுத்தால் வேறெப்படி இருக்கும்?

கடைக்காரர்கள் வில்லன்களா? அவர்கள் வாக்குமூலத்தையும் படித்தேன். பின்னல் சரக்கில் எங்களுக்கு லாபமே இல்லை, வாங்கின விலைக்குத்தான் தெற்கே விற்கிறோம், பதிலாகக் கொடுக்கும் துணியிலும் தேயிலையிலும்தான் லாபம் என்றார்கள். ஓரளவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உண்மைக்கு அர்த்தம் என்ன? சால்வையின் விலையே ஒரு கற்பனை எண். அது எந்தச் சந்தையிலும் நிர்ணயமானதல்ல. சம்பளத்தில் ஒரு பகுதியை உணவுக் கூப்பனாக வாங்கிப் பழகிய தலைமுறை எங்களுடையது; மாசக் கடைசியில் அந்தக் கூப்பனைக் கொண்டு கடைக்காரரிடம் சில்லறை கேட்டு நின்றவர்களுக்கு இது கொஞ்சம் புரியும். கொஞ்சம்தான். எங்களுக்கு மீதிச் சம்பளம் பேங்கில் விழுந்தது.

அந்தத் தீவிலிருந்து சென்னைவரை நீளும் ஒரு நூலும் இருக்கிறது. லெர்விக் பக்கத்தில் க்ரெமிஸ்டா என்ற இடத்தில் 1792-இல் பிறந்த ஆர்தர் ஆண்டர்சன், சிறுவனாகக் கடற்கரையில் மீன் காயவைக்கும் வேலை செய்தவர். பின்னாளில் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1842-இல் அந்த நிறுவனத்தின் 'ஹிந்துஸ்தான்' கப்பல் இந்தியாவுக்குப் புறப்பட்டது. அதன்பின் கல்கத்தாவிலிருந்து சென்னை, காலி வழியாக சூயஸுக்குத் தபால் கப்பல் ஓடியது. இதே ஆண்டர்சன்தான் ஷெட்லாந்துப் பின்னலை விக்டோரியா அரசிக்குப் பரிசாகக் கொடுத்து லண்டனில் அதற்கு ஒரு மோஸ்தரை உண்டாக்கினார். மெஷின் காலுறைகள் வந்து பழைய வியாபாரம் நசிந்துகொண்டிருந்த நேரம். கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடக்கூடிய சால்வைகள் அன்ஸ்ட் தீவில் பின்னப்பட்டன. 1851 லண்டன் கண்காட்சியில் மக்கள் வியந்தார்கள். வியப்பின் விலை லண்டனில் பவுண்டாகவும் அன்ஸ்டில் தேயிலையாகவும் இருந்தது.

சுற்றுலாவில் இந்தக் கதை வராது. வருவது ஸ்பானியக் கதை. 1588-இல் ஸ்பானியக் கடற்படையின் 'எல் கிரான் கிரிஃபோன்' கப்பல் ஃபேர் ஐல் தீவில் உடைந்தது நிஜம். கரையேறிய மாலுமிகள் சில வாரம் தங்கியதும் நிஜம். அவர்கள்தான் ஃபேர் ஐல் வண்ணப் பின்னலைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதற்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை. அயர்லாந்தின் அரான் ஸ்வெட்டருக்கும் இதேமாதிரி ஒன்று உண்டு: குடும்பத்துக்கு ஒரு டிசைன், மூழ்கியவன் யார் என்று அதை வைத்தே அடையாளம் காண்பார்களாம். ஜான் மில்லிங்டன் சிங்கின் 1904 நாடகம் ஒன்றில், இறந்தவனின் காலுறையில் விட்டுப்போன கண்ணிகளை எண்ணித் தங்கை அடையாளம் காண்கிறாள். அது குலச்சின்னம் இல்லை, அவள் கையின் பிழை. நாடகத்தின் அந்தக் காலுறை, விற்பனையாளர்கள் கையில் ஸ்வெட்டராக மாறிவிட்டது. பெண்கள் தங்கள் மூளையாலேயே ஒரு தொழில்நுட்பத்தை உருவாக்கினார்கள் என்று நம்புவதைவிட, கப்பல் உடைந்து வந்த ஆண்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்பது எளிதாக இருக்கிறது போல.

மூளை என்று சும்மா சொல்லவில்லை. ஃபேர் ஐல் பின்னலில் ஒரு வரிசையில் இரண்டே நிறங்கள். ஒவ்வொரு கண்ணியும் ஒன்று அல்லது பூஜ்யம். பயன்படாத நூல் பின்னாலேயே தொடர்ந்து வரும். அதிக தூரம் தொங்கினால் விரல் மாட்டும், ஆகவே சில கண்ணிகளுக்கு ஒருமுறை நிறம் மாறுகிற மாதிரி டிசைன் அமைய வேண்டும். உடம்புப் பகுதியை முழுக்க ஒரே குழாயாகப் பின்னிவிட்டு, பிறகு கத்தரியால் நேராக வெட்டித் திறப்பார்கள். ஷெட்லாந்து நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பிரியாது. வெட்டிக் காட்டியபோது எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு அமெரிக்கப் பெண்மணி கண்ணை மூடிக்கொண்டார். 1920-களின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் எட்டாம் எட்வர்ட்) இந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கோல்ஃப் ஆடினார். உடனே ஊரெல்லாம் அதே ஸ்வெட்டர்.

சரி, விஸ்கி. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஷெட்லாந்துக்கு என்று சொல்லிக்கொள்ளும்படி விஸ்கி வரலாறு கிடையாது. பின்னலையும் விஸ்கியையும் ஒரே தட்டில் வைத்தது சுற்றுலாக்காரர்கள்தான். விஸ்கிக்காகக் கப்பலேறி ஆர்க்னி போக வேண்டும், அல்லது மேற்கே ஸ்கை, ஐலா. ஆர்க்னியில் மாக்னஸ் யூன்சன் என்ற தேவாலய ஊழியர் கதையைச் சொல்வார்கள். பகலில் கோயில் வேலை, இரவில் சாராயம். கலால்காரர்கள் சோதனைக்கு வந்தபோது பீப்பாய்கள்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, ஊர் முழுக்க மண்டியிட்டு அழ, பெரியம்மையில் இறந்த பிணம் என்றாராம். வந்தவர்கள் ஓடியே போனார்கள். கதைதான். ஆனால் சாராய ஊறலைத் தேடிப் போலீஸ் வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இது நடந்திருக்காது என்று சொல்ல மனசு வராது.

வேடிக்கைக்குக் கீழே இருப்பது மறுபடி வாடகை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேட்டுநிலக் குடியானவன் ஒருவனிடம் கொஞ்சம் பார்லி இருக்கிறது. மூட்டையாகச் சுமந்து விற்றால் கட்டுப்படியாகாது. முளைகட்டி, பீட் புகையில் காயவைத்து, ஊறல் போட்டுக் காய்ச்சினால் ஒரு குதிரை சுமக்கும் அளவுக்குச் சுருங்கி, விலையும் ஏறிவிடும். அந்தக் காசு நேராக நிலச்சுவான்தாரின் வாடகைக் கணக்குக்குப் போகும். உள்ளூர் மாஜிஸ்ட்ரேட் யார்? அதே நிலச்சுவான்தார். அதனால் பிடிபட்டவனுக்கு அபராதம் சொற்பமாகவே இருக்கும். குடிசையில் காய்ச்சிய சாராயத்தின்மேல்தான் மாளிகையின் வருமானம் நின்றது. 1823-இல் வந்த கலால் சட்டம் வரியைக் குறைத்து, 10 பவுண்டு உரிமக் கட்டணத்தில் சட்டபூர்வமாகக் காய்ச்ச வழி செய்தது. ஆனால் குறைந்தபட்சம் 40 கேலன் கொள்ளளவு உள்ள பாத்திரம் வேண்டும். குடிசைக்காரனிடம் அது ஏது? அந்த வருஷம் சுமார் 14,000 கள்ள ஊறல் வழக்குகள், 1834-இல் 692. சட்டம் வென்றது. காய்ச்சும் உரிமை, முதல் போடக்கூடியவர்கள் கைக்குப் போனது.

ஸ்கை தீவின் டாலிஸ்கர் ஆலை அப்படிப்பட்ட ஒன்று. 1830-இல் ஹ்யூ, கென்னத் மக்காஸ்கில் சகோதரர்கள் கட்டியது. அவர்கள் டாலிஸ்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தபின் அங்கிருந்த குடிகளை வெளியேற்றி, அந்த இடத்தில் செவியட் ஆடுகளை விட்டார்கள். ஆட்டுரோமத்துக்கு அப்போது நல்ல விலை. போக இடமில்லாதவர்களில் சிலர் கார்போஸ்ட் கரையில் ஒதுங்கினார்கள்; ஆலை எழுந்ததும் அதே கார்போஸ்டில்தான். ஊர்ப் பாதிரியார் அந்த ஆலையைச் சாபக்கேடு என்று திட்டினார். ஆக, கம்பளியும் விஸ்கியும் சேரும் புள்ளி ஒன்று உண்மையிலேயே இருக்கத்தான் செய்கிறது. அது வழிகாட்டி சொன்ன புள்ளி இல்லை. நாங்கள் சுவைத்தோம், மிளகுக் காரமும் கடல் உப்பும் தெரிகிறதா என்று கேட்டார்கள். தெரிந்தது. நல்ல விஸ்கி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2022-இல் எண்ணிக்கைக் கணக்கில் உலகிலேயே அதிக ஸ்காட்ச் வாங்கிய நாடு இந்தியா, 21.9 கோடி பாட்டில்கள். அதில் என் பங்கும் உண்டு.

ஐலாவில் பெஸ்ஸி வில்லியம்சன் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1934-இல் லஃப்ராய்க் ஆலைக்குக் கோடைக்கால டைப்பிஸ்டாக வந்தவர். 1954-இல் முதலாளி இறந்தபோது ஆலையை இவர் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரைத் தாண்டி ஆலையை நடத்தியதில் பாதி இவர் கைதான். தீவுப் பெண் ஒருத்தியின் உழைப்பு அவள் பெயருக்கே பத்திரமாகும் இடம் இந்தப் பயணத்தில் இது ஒன்றுதான் தட்டுப்பட்டது. அவரும் தீவில் பிறந்தவர் இல்லை, கிளாஸ்கோக்காரர்.

பின்னலும் விஸ்கியும் ஒரு தடவை, ஒரே ஒரு தீவில், நிஜமாகவே சந்தித்தன. எரிஸ்கே. ஒரு நடை நடந்தால் சுற்றிவரக்கூடிய தீவு. மடிப்பில்லாமல் சுற்றிலும் பின்னி, நெஞ்சுப் பகுதியில் நங்கூரமும் வலையும் வரும் கருநீல மீனவர் ஜெர்சிக்குப் பெயர் போனது. 1941 பிப்ரவரியில் ஜமைக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த 'பொலிட்டிஷியன்' என்ற சரக்குக் கப்பல் அதன் பக்கத்தில் தரைதட்டியது. உள்ளே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட விஸ்கி பாட்டில்கள். யுத்த காலம், ரேஷன். கப்பலின் அடியில் எண்ணெய் கசிந்து கிடந்தது. ஜெர்சியில் எண்ணெய்க் கறை பட்டால் கலால்காரரிடம் மாட்டிக்கொள்வோம், துவைத்தாலும் போகாது. அதனால் ஆண்கள் மனைவிகளின் பழைய கவுன்களை மாட்டிக்கொண்டு இரவில் படகேறினார்கள் என்கிறார்கள். மாசக்கணக்கில் பின்னிய ஜெர்சியைப் பாழாக்கிவிட்டு வீட்டுக்குள் நுழையும் தைரியம் அவர்களுக்கு இருந்திருக்காது என்பது என் ஊகம். சிலர் பிடிபட்டு இன்வெர்னெஸ் சிறைக்குப் போனார்கள். மேற்கொண்டு யாரும் எடுத்துவிடாதபடி கப்பலையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். காம்ப்டன் மெக்கன்ஸி 1947-இல் இதை ஒரு சிரிப்பு நாவலாக்கினார், படமும் வந்தது.

அதே யுத்தம் ஷெட்லாந்தில் வேறொன்றைச் செய்தது. கத்ரியின் அறிக்கை வந்து 15 ஆண்டுகள் கழித்து, 1887-இல், வீட்டிலிருந்து பின்னுபவர்களுக்கும் கூலியைப் பணமாகத்தான் தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. 1886-இல் குடியானவர்களுக்கு நிலப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டிருந்ததால் மீனவர்கள் மூச்சுவிட்டார்கள். பின்னும் பெண்களுக்கு மட்டும் தேயிலையும் துணியும் 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. புகார் கொடுத்தால் அடுத்த சால்வையை யார் வாங்குவார்? இளவரசர் ஸ்வெட்டர் போட்ட பிறகும் இந்த நிலைமைதான். 1940-க்குப் பிறகு தீவில் ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள் வந்து தங்கினார்கள். குளிர். வீட்டுக் கதவைத் தட்டி ஸ்வெட்டர், கையுறை கேட்டார்கள். கையில் ரொக்கம் வைத்திருந்தார்கள். டச்சு மாலுமிகளுக்குப் பிறகு, மூன்று நூற்றாண்டு கழித்து, பின்னியவள் கையில் நேராகக் காசு விழுந்தது. கடைகளின் பிடி அப்போதுதான் விட்டது.

1970-களில் சல்லம் வோவில் எண்ணெய் முனையம் வந்தது. அங்கே பாத்திரம் கழுவினால்கூடப் பின்னலைவிட நல்ல சம்பளம். பெண்கள் ஊசியைக் கீழே வைத்தார்கள், வெளியாட்கள் வருத்தப்பட்டார்கள். 2010-இல் ஷெட்லாந்து கவுன்சில் செலவைக் குறைக்க, ஆரம்பப் பள்ளிகளில் பின்னல் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தியது. அதே 2010-இல்தான் வருடாந்திர ஷெட்லாந்து கம்பளி வாரம் தொடங்கியது. எங்களை மாதிரி ஆட்கள் விமானம் ஏறி வருவதற்காக. சில ஆண்டுகளில் ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாகச் சேர்ந்து, 'பீரி மக்கர்ஸ்' என்ற பெயரில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பீரி என்றால் சின்ன. சின்னப் பின்னல்காரர்கள்.

லெர்விக் வகுப்பின் முடிவில் என் மனைவி அந்த மக்கின் பெல்ட் பெண்மணியிடம், நீங்கள் போட்டிருப்பது மாதிரி ஒரு ஸ்வெட்டர் பின்னித்தர எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். அவர் மணிக்கணக்கைச் சொல்லி, இங்கே துப்புரவு வேலைக்கு மணிக்கு என்ன கொடுக்கிறார்களோ அதால் பெருக்கச் சொன்னார். நான் ஃபோனை எடுத்துப் பெருக்கினேன். எண்ணைப் பார்த்துவிட்டு நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம். "அதனால்தான் நான் விற்பதில்லை, பேத்திக்குப் பின்னுகிறேன்" என்றார் அவர். பிறகு, தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.